இணக்கமும் ஒப்புரவும்: உதவும் மனம் பற்றிய ஓர் உளவியல் ஆய்வை முன்வைத்து

"நல்ல மனிசன், ஒண்டுக்கும் எதிர்த்துப் பேசமாட்டார்." எங்கள் பலாங்கொடைப் பக்கத்தில் ஒருவரைப் புகழ இதைவிடச் சுருக்கமான வாக்கியம் இல்லை. ஆனால் இதற்குள் இரண்டு செய்திகள் இருக்கின்றன. அவர் நல்லவர் என்பது ஒன்று. அவர் யாரோடும் முரண்படாதவர் என்பது மற்றது. முரண்படாதவர்தான் நல்லவர், நல்லவர்தான் ஆபத்துக்கு உதவுவார் என்று நாம் கேள்வி கேளாமல் முடிவுகட்டி விடுகிறோம். இந்த முடிவை அளந்து பார்க்கத் தன் ஆய்வு வாழ்வின் பெரும்பகுதியைச் செலவிட்டவர் அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழக உளவியலாளர் வில்லியம் கிராசியானோ. அவருடைய ஆய்வில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியதும் உண்டு, கேள்வி கேட்க வேண்டியதும் உண்டு.

முதலில் ஆய்வு சொல்வதைப் பார்ப்போம். மனித ஆளுமையை ஐந்து பெரும் பண்புகளாக வகுப்பது இன்றைய உளவியலின் வழக்கம். அவற்றுள் ஒன்றைத் தமிழில் 'இணக்கம்' எனலாம். பிறரோடு சுமுகமாக இருக்க விரும்புவது, விட்டுக்கொடுப்பது, நம்புவது, இரங்குவது எல்லாம் இதில் அடங்கும். 2007 இல் கிராசியானோவும் அவரது சகாக்களும் நான்கு ஆய்வுகளை ஒரே கட்டுரையாக வெளியிட்டார்கள். அதில் ஒரு கேள்வி எளிமையானது: உதவி கேட்டு நிற்பவர் உடன்பிறந்தவராக, நண்பராக, அறிமுகமற்றவராக மாறும்போது யார் யார் முன்வருவார்கள்? இணக்கம் குறைந்தவர்களும் தம்மவருக்கு உதவ முன்வருகிறார்கள். நிற்பவர் அந்நியர் என்று வரும்போதுதான் வேறுபாடு துலங்குகிறது. இணக்கம் கூடியவர்களின் உதவி அந்நியரையும் எட்டுகிறது.

2010 இல் மீரா ஹபாஷியோடு சேர்ந்து எழுதிய கட்டுரையில் அவர் இன்னும் ஆழமாகப் போகிறார். பிறர் துன்பத்தைக் கண்டதும் முதலில் எழுவது இரக்கம் அல்ல, நம் சொந்தப் பதற்றம். அது விரைவாக வந்து 'விலகிப் போ' என்கிறது. அதற்கு எதிரான இன்னோர் இயக்கம் மெதுவாக எழுந்து 'அவரைப் பார்' என்கிறது. இந்த இரண்டாவது எழ நேரமும் இடமும் கிடைத்தால் உதவி பிறக்கும். கிடைக்காவிட்டால் விலகலே மிஞ்சும். அந்த விலகல் வெறுப்பாகவும் முகம் காட்டலாம். பிற இனத்தார்மீதான தப்பெண்ணமும் உதவும் மனமும் ஒரே வேரில் கிளைக்கின்றன என்ற இந்தக் கருத்து, பல இனத்தார் ஒரே பஸ்ஸில் போகும் நமக்கு வெறும் ஏட்டுச் செய்தி அல்ல.

இனி என் கேள்விகளுக்கு வருகிறேன்.

முதலாவது, அளவுகோல் பற்றியது. பரவலாக வழங்கும் ஓர் ஆளுமை அளவீட்டில் 'இணக்கம்' ஆறு கூறுகளாகப் பிரிகிறது. அவற்றுள் ஒன்று 'பிறர்நலம் பேணல்'. அதாவது உதவும் குணம் அளவுகோலுக்குள்ளேயே இருக்கிறது. அத்தகைய கோலால் அளந்துவிட்டு 'இணக்கமானவர்கள் உதவுகிறார்கள்' என்றால், இனிப்பைப் போட்டுத் தேநீர் ஊற்றிவிட்டு, தேநீர் இனிக்கிறது என்று வியப்பதைப் போன்றதுதான். கேள்விக்கொத்தோடு நின்றுவிடாமல், உதவி செய்யும் வாய்ப்பை நேரடியாகவே கொடுத்துப் பார்த்ததன் மூலம் கிராசியானோ குழுவினர் இக்குறையை ஓரளவு தாண்டுகிறார்கள். ஆயினும் குறை முற்றாக நீங்கவில்லை.

இரண்டாவது கேள்வி இதைவிடப் பாரதூரமானது. அதே ஆறு கூறுகளில் இன்னொன்று 'பணிந்துபோதல்'. பிறர்நலம் பேணலும் பணிந்துபோதலும் ஒரே பெயரின் கீழ் குடியிருக்கின்றன. இவை இரண்டும் ஒன்றோடொன்று மோதும்போது என்ன நடக்கும்? பிரான்சில் ஒரு போலித் தொலைக்காட்சிப் போட்டி நடத்தி, தொகுப்பாளரின் கட்டளைப்படி இன்னொருவருக்கு மின்னதிர்ச்சி கொடுக்கச் சொன்னார்கள். அதிர்ச்சி உண்மையல்ல, பங்குபற்றியவர்களுக்கு அது தெரியாது. எட்டு மாதங்கள் கழித்து அவர்களின் ஆளுமையை லோரான் பேக் என்பவரும் சகாக்களும் அளந்தார்கள். இணக்கமும் பொறுப்புணர்வும் கூடியவர்களே கட்டளைக்குக் கூடுதலாக அடிபணிந்து, கூடுதலான அதிர்ச்சி கொடுக்கும் போக்கைக் காட்டினார்கள் என்பது 2015 இல் வெளியான அவர்களது முடிவு. யாரையும் மனம் நோகச் செய்ய விரும்பாதவர், தொகுப்பாளரின் மனத்தை நோகச் செய்ய விரும்பவில்லை!

இங்கேதான் நம் மரபு பேச வேண்டும். அநியாயம் செய்பவனானாலும் அநியாயம் செய்யப்பட்டவனானாலும் உன் சகோதரனுக்கு உதவு என்ற கருத்துள்ள நபிமொழி ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியிருக்கிறது. அநியாயக்காரனுக்கு எப்படி உதவுவது என்று தோழர்கள் கேட்கிறார்கள். அவனைத் தடுப்பதே அவனுக்குச் செய்யும் உதவி என்பது விடை. இந்த உதவியை எந்த இணக்க அளவுகோலில் போட்டு நிறுப்பது? இங்கே உதவி என்பதே முரண்படுவதுதான்.

தமிழிலும் இதற்கு ஒரு சொல் இருக்கிறது: 'ஒப்புரவு'. ஒத்துப்போதல் என்ற பொருளும், ஊருக்குப் பயன்படுமாறு கொடுத்தல் என்ற பொருளும் அதில் சேர்ந்தே இருக்கின்றன. கிராசியானோ தேடிய தொடர்பு ஒரே சொல்லுக்குள் அடங்கியிருக்கிறது எனலாம். ஆனால் திருக்குறளின் 22 ஆவது அதிகாரம் 'ஒப்புரவு' என்று நிற்காமல் 'ஒப்புரவறிதல்' என்று பெயர் பெறுகிறது. அது பிறவிக் குணம் என்றால் அறிய என்ன இருக்கிறது? எது தகும், யாருக்குத் தகும் என்று தெரிந்து செய்யும் கடமை என்பதால்தான் அறிதல் வருகிறது. அதே நூலில் கண்ணோட்டத்தைப் பேசும் 58 ஆவது அதிகாரம், பழகியவர் நஞ்சு ஊற்றுவதைக் கண்டும் அருந்தி அமைவோரைச் சொல்லி முடிகிறது. இணக்கத்தின் எல்லை அது. இரண்டையும் இரு வேறு அதிகாரங்களில் வைத்தது பொருத்தமே.

மூன்றாவது, சூழல். 1973 இல் டார்லி, பேட்சன் இருவரும் பிரின்ஸ்டன் நகரில் கிறிஸ்தவ இறையியல் மாணவர்களைக் கொண்டு ஒரு சோதனை செய்தார்கள். வழியில் ஒருவர் துவண்டு கிடக்கிறார். அவசரமில்லாமல் போனவர்களில் 63 வீதத்தினர் உதவினார்கள். மிகுந்த அவசரத்தில் போனவர்களில் 10 வீதத்தினரே உதவினார்கள். வேதம் படித்தவரையும் கைக்கடிகாரம் தோற்கடித்தது. 2003 மே 17 அன்று இரத்தினபுரி மாவட்டம் வெள்ளத்திலும் மண்சரிவிலும் சிக்கியபோதும், 2016 இல் அதே மே 17 அன்று அரநாயக்கவில் மலை சரிந்தபோதும், சோற்றுப் பொதி கட்டியவர்களை யாரும் ஆளுமைச் சோதனை வைத்துப் பொறுக்கவில்லை. பெருந்துயரில் எல்லா வகை மனிதரும் இறங்கினார்கள். குணம் சோதிக்கப்படுவது சாதாரண நாளில்: லயத்தில் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல், ஆட்டோவுக்குக் காசில்லை, அவர்கள் 'நம்ம ஆட்கள்' இல்லை என்ற நாளில்.

அந்த நாளுக்கு என்ன வழி? எல்லாரும் பிறவியிலேயே இரக்கமுள்ளவர்களாக இருந்துவிடுவார்கள் என்று நம் மார்க்கம் காத்திருக்கவில்லை. ஸக்காத் நூற்றுக்கு இரண்டரை. கொடுப்பவர் கனிவானவரா, சிடுமூஞ்சியா என்று அது கேட்பதில்லை. அதைப் பெறும் எட்டு வகையினருள் வழிப்போக்கரும் ஒருவர். அந்நிஸா அத்தியாயத்தின் 36 ஆம் வசனம் உறவினரான அண்டை வீட்டாரோடு அந்நியரான அண்டை வீட்டாரையும் தனியே எடுத்துச் சொல்கிறது. எந்த இடத்தில் சிலரது குணம் கைவிடும் என்று கிராசியானோ காட்டுகிறாரோ, அதே இடத்தில் கடமை கைகொடுக்கிறது. அவருடைய ஆய்வை நான் மதிப்பது இதனாலேயே. தடுக்கி விழும் இடத்தை அவர் சரியாகக் குறித்திருக்கிறார். மருந்தை மட்டும் குணத்தில் தேடுகிறார்.

ஆசிரியர்களாகிய எங்களுக்கு இதில் ஒரு கேள்வி இருக்கிறது. பிள்ளை பாடசாலையை விட்டுப் போகையில் நற்சான்றிதழில் 'பணிவானவர், ஒத்துழைப்பானவர்' என்று எழுதுகிறோம். எழுதும்போது கண்முன் வருவது பெரும்பாலும் எங்களுக்குத் தொந்தரவு தராத பிள்ளைதான். வகுப்பே சேர்ந்து ஒரு லயத்துப் பிள்ளையைக் கேலி செய்யும்போது "சும்மா இரிங்கடா" என்று எழுந்து நிற்கிற பிள்ளையை 'வாயாடி' என்கிறோம். தோட்டத்தில் கங்காணிக்கும் துரைக்கும் ஒத்துப்போகிறவரே நல்ல தொழிலாளி என்று பல தலைமுறையாகச் சொல்லப்பட்டதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. பலமுள்ளவர் கேட்கும் இணக்கம், பலமில்லாதவருக்கு உதவியாகாது.

ஆகவே சான்றிதழில் இன்னொரு வரிக்கு இடம் வைப்போம்: தனக்கு எந்த உறவும் இல்லாத ஒருவருக்காக இந்தப் பிள்ளை எப்போதாவது எழுந்து நின்றதா? இதற்கு விடை எழுத வேண்டுமானால், பிள்ளைகளை நாம் இப்போது பார்ப்பதைவிடக் கவனமாகப் பார்க்க வேண்டியிருக்கும்.