ட்ரவுட் ஓடைக்குப் பட்டுக் கயிறு: காஞ்சிபுரத்திலிருந்து ஒரு மதிப்பீடு

மலையோடைகளில் ட்ரவுட் என்னும் குளிர்நீர் மீனைப் பிடிக்கும் ஃபிளை ஃபிஷிங் முறையில், தூண்டில் கோலுக்கும் ரீலுக்கும் கிடைக்கும் கவனத்தில் பாதிகூடக் கயிற்றுக்குக் கிடைப்பதில்லை; ஆயினும் அம்முறை இயங்குவது கயிற்றினால்தான். சாதாரணத் தூண்டிலில் ஈயக் குண்டின் எடை தங்கூசியை இழுத்துக்கொண்டு போகிறது. ஃபிளை என்பதோ இறகையும் உரோமத்தையும் நூலையும் முள்ளின்மேல் சுற்றிச் செய்யப்படும், ஏறத்தாழ எடையே இல்லாத பொய்ப்பூச்சி. அதை எவ்வளவு வலுவாக வீசினாலும் அது தானாகத் தொலைவு போகாது. எனவே கயிறே எடையுள்ளதாக அமைந்து, கோலின் வளைவில் சேர்ந்த விசையை வாங்கி, காற்றில் வளையமாக விரிந்து, பூச்சியைத் தன் பின்னால் கொண்டுசெல்கிறது. ஃபிளை லைன் எனப்படும் இக்கயிறு இன்று பெரும்பாலும் பிவிசி பூசிய நூலாகவே விற்கப்படுகிறது. 1950களில் அந்தப் பிளாஸ்டிக் கயிறு சந்தைக்கு வரும்வரை இதன் இடத்தில் இருந்தது பின்னிய பட்டு; ஐரோப்பாவில் சிறு பட்டறைகள் சில இன்றும் அதைச் செய்துவருகின்றன. அவ்வகைக் கயிறு ஒன்றே இங்கு மதிப்பிடப்படுகிறது.

மதிப்பீட்டுக்கு எடுத்துக்கொண்டது 5ஆம் எண் இரட்டைச் சரிவுக் கயிறு. எண் என்பது எடையைக் குறிப்பது: கயிற்றின் முதல் 30 அடி 140 கிரெய்ன், அதாவது ஏறக்குறைய 9 கிராம் இருந்தால் அது 5ஆம் எண். இரட்டைச் சரிவு என்பது, நடுப்பகுதி ஒரே பருமனாக இருக்க, இரு முனைகளும் படிப்படியாக மெலிந்துவரும் அமைப்பு. வீச்சின் விசை முனையை நெருங்க நெருங்கத் தணிந்து, பூச்சி நீரில் அதிராமல் இறங்குவது இம்மெலிவினால்தான்.

காஞ்சிபுரத்தின் பிள்ளையார்பாளையத்துத் தறிகளில் பழகிய கை இக்கயிற்றைத் தொட்டவுடன் தேடுவது முறுக்கை. ஆனால் இதில் வெளிப்படையான முறுக்கு இல்லை. சேலையின் பாவுக்கு முறுக்கேற்றிய இழை வேண்டும், ஏனெனில் பாவு நாள் முழுவதும் இழுவையில் நின்று, பண்ணை என்னும் நெசவுச் சீப்பின் உராய்வைத் தாங்குகிறது. ஃபிளை லைனோ எறியப்படும்தோறும் வளைந்து திரும்புவதால், ஒரு பக்கமாக முறுக்கிய கயிறாக இருந்தால் விரைவிலேயே சுருண்டு முடிச்சுவிழும். இடஞ்சுழியாகவும் வலஞ்சுழியாகவும் சம எண்ணிக்கையில் செல்லும் சரங்களைக் கொண்ட சடைப்பின்னலில் ஒன்றின் திருகலை மற்றது ஈடுசெய்துவிடுகிறது. முனையை நோக்கிச் சரங்களை மெலிவித்துக்கொண்டே போவதால் சரிவு உண்டாகிறது. பட்டின் தரத்தைவிட இப்பின்னலின் சீர்மையே கயிற்றின் விலையை நிர்ணயிக்கிறது என்பது கையில் வைத்துப் பார்க்கும்போது ஐயமின்றித் தெரிகிறது.

பின்னலுக்கு அடுத்ததாகவும், ஒருவேளை அதைவிட முதன்மையாகவும் வருவது எண்ணெய்ப் பூச்சு. பட்டு நீரை உறிஞ்சும். உறிஞ்சிய பட்டு கனத்து மூழ்கும். ஆகவே பின்னலின் உட்புறம்வரை ஆளிவிதை எண்ணெய் ஊட்டப்படுகிறது. காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகிப் படலமாக மாறும் தன்மை இவ்வெண்ணெய்க்கு உண்டு. தேங்காய் எண்ணெய்க்கு அத்தன்மை இல்லை, நல்லெண்ணெய்க்கும் போதிய அளவில் இல்லை, எனவே அவற்றைப் பூசினால் கயிறு பிசுபிசுத்துச் சிக்கெடுக்கும். ஒரு பூச்சு முழுவதும் இறுகிய பின்பே அடுத்தது ஏற்றப்படுவதால் இவ்வேலை வாரக்கணக்கில் நீள்கிறது. வீட்டில் பழைய கயிற்றுக்கு மறுபூச்சு இட விரும்புவோர் ஒன்றை மறக்கலாகாது: இறுகும்போது இவ்வெண்ணெய் வெப்பத்தை வெளிவிடுவதால், எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டால் அது தானே தீப்பற்றக்கூடும், காஞ்சிபுரத்துச் சித்திரை வெயிலில் இது வெறும் ஏட்டு எச்சரிக்கை அன்று.

புல்தரையில் எறிந்து பார்க்கும்போதே பிளாஸ்டிக் கயிற்றிலிருந்து இதன் வேறுபாடு புலப்படுகிறது. (பாலாற்றின் வறண்ட மணற்படுகை பயிற்சிக்கு விரிந்த இடமாகத் தோன்றினாலும், மணல் பூச்சைத் தேய்த்துவிடும் என்பதால் அது தவிர்க்கப்பட வேண்டியது.) மிதக்கும் பிவிசி கயிற்றில் அடர்த்தியைக் குறைப்பதற்காக நுண்ணிய கண்ணாடிக் குமிழ்கள் கலக்கப்படுகின்றன, அதனால் அது தடிக்கிறது. பட்டின் அடர்த்தி நீரைப்போல் ஏறக்குறைய 1.3 மடங்கு, ஆகவே அதே எடையைப் பட்டு மெல்லிய உருவத்திலேயே பெற்றுவிடுகிறது. மெல்லிய கயிற்றைக் காற்று குறைவாகவே தடுக்கிறது. எதிர்க்காற்றிலும் வளையம் ஒடுக்கமாக விரிகிறது. பூச்சி இறங்கும் மென்மையைப் பொறுத்தவரை, 20 முதல் 35 அடிக்குள்ளான வீச்சில் இதற்கு நிகரான பிளாஸ்டிக் கயிற்றைச் சொல்வது கடினம். மூங்கில் கோலோடும், மெதுவாக வளையும் பிற கோல்களோடும் இது இணங்கிச் செல்கிறது. விறைத்த கார்பன் கோலில் இதன் சிறப்பில் பெரும்பகுதி வீணாகிறது.

குளிர்நீரில் இந்த வேறுபாடு மேலும் கூடுகிறது. பனியுருகி வரும் ஓடைகளில் சாதாரணப் பிவிசி கயிறு விறைத்து, ரீலில் சுற்றியிருந்த சுருளையே நீர்மேலும் காட்டுகிறது. பட்டு குழைவாகவே இருக்கிறது. அது நீரின் மேற்பரப்புக்கு மேல் துருத்தி நிற்காமல் பரப்போடு படிந்து கிடப்பதால், தெளிந்த குட்டைகளில் மிரளும் மீன்களுக்கு அதன் நிழலும் அசைவும் குறைவாகவே தென்படுகின்றன. எனினும் தன் அடர்த்தியால் மூழ்க வேண்டிய இக்கயிற்றை மேலே நிறுத்துவது அதன்மேல் தேய்த்த மெழுகுக் களிம்பும் நீரின் பரப்பிழுவிசையும் மட்டுமே. சில மணி நேரத்தில் களிம்பின் பயன் குறைந்து, முனை முதலில் தாழத் தொடங்குகிறது. கயிற்றை உயர்த்தி மறுவீச்சுக்கு எடுப்பது கனக்கிறது. இரட்டைச் சரிவின் மற்றொரு பயன் இங்கு வெளிப்படுகிறது: நண்பகலில் கயிற்றைக் கழற்றித் திருப்பிச் சுற்றினால் உலர்ந்த மறுமுனை பிற்பகலுக்குக் கிடைக்கிறது.

பராமரிப்பில்தான் பெரும்பாலோர் பின்வாங்குகின்றனர். ஒவ்வொரு மாலையும் கயிறு முழுவதையும் ரீலிலிருந்து உருவி, பெரிய வளையங்களாகத் தொங்கவிட்டு, நிழலில் உலர்த்தித் துடைக்க வேண்டும். மறுநாள் காலை களிம்பிட வேண்டும். ஈரத்தோடு சுருட்டி வைத்தால் பட்டு உளுத்துப்போகும். பருவம் முடிந்தபின் ரீலில் விடாமல் தளர்ந்த சுருளாக வைத்து, அவ்வப்போது எடுத்துப் பார்க்க வேண்டும். மடிப்பில் சரிகை முறியாதிருக்கப் பட்டுச் சேலையைப் பிரித்து மாற்றி மடித்து வைக்கும் வீடுகளுக்கு இவ்வொழுக்கம் புதிதன்று. கோடை வெப்பத்தில் பூச்சு இளகி ஒட்டத் தொடங்குவதே காஞ்சிபுரம் போன்ற ஊர்களில் உண்மையான இடர். ஓட்டுவீட்டுப் பரணிலோ மூடிய காரிலோ இக்கயிற்றை வைப்பது அதைக் கெடுப்பதற்கு ஒப்பாகும்.

கயிற்றின் முனையில் கட்டப்படும், கண்ணுக்கு எளிதில் தெரியாத லீடர் என்னும் மெல்லிழையும் ஒரு காலத்தில் பட்டுப்புழுவிலிருந்தே வந்தது. கூடு கட்டும் நிலையிலுள்ள புழுவைக் காடியில் ஊறவைத்து, அதன் பட்டுச் சுரப்பியை உருவி நீட்டிச் செய்த அவ்விழைக்கு ஸ்பெயினின் முர்சியா பெயர்பெற்றிருந்தது. நைலான் அதை முற்றிலும் அகற்றிவிட்டது. அந்த மாற்றத்தைக் குறித்து வருந்த வேண்டியதில்லை, ஏனெனில் லீடரில் நைலானே எல்லா வகையிலும் மேலானது.

இக்கயிற்றை எங்கே பயன்படுத்துவது என்ற வினா தமிழ்நாட்டு வாசகருக்கு எளிதன்று. நீலகிரியில் 1860களில் மீனியலாளர் ஃபிரான்சிஸ் டே முதலானோர் ட்ரவுட்டைக் குடியேற்றத் தொடங்கிய முயற்சிகள் நிலைக்காமல் போக, சென்னை அரசின் மீன்வள வல்லுநராக வந்த எச். சி. வில்சன் காலத்தில், 1907இல் அவலாஞ்சியில் பொரிப்பகம் அமைந்து, வானவில் ட்ரவுட் அங்கே வேரூன்றியது. ஆனால் அம்மீன் வாழும் ஓடைகளில் பல இன்று முக்கூர்த்தி தேசியப் பூங்காவுக்குள் அடங்கிவிட்டன. வரையாடுகளுக்காகக் காக்கப்படும் அந்நிலத்தில் தூண்டிலுக்கு இடமில்லை, இருக்கவும் கூடாது. ட்ரவுட் வெளியிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட ஊனுண்ணி என்பதும், ஓடையின் சொந்தச் சிற்றுயிர்கள் அதற்கு இரையாகின்றன என்பதும் மறக்கத்தக்கவை அல்ல. ஆகவே சட்டப்படி தூண்டிலிட விரும்புவோர் இமாசலப் பிரதேசத்தின் தீர்த்தன் போன்ற ஆறுகளுக்கு, மாநில மீன்வளத்துறையின் உரிமம் பெற்றுச் செல்வதே முறை; நவம்பர் முதல் பிப்ரவரி வரை மீன்கள் முட்டையிடும் காலமாதலால் அங்கே தூண்டில் தடைசெய்யப்பட்டிருக்கிறது.

விலையில் இது நல்ல பிளாஸ்டிக் கயிற்றைப்போல் பல மடங்கு. ஒழுங்காகப் பேணினால் அதைவிடப் பல ஆண்டுகள் கூடுதலாக உழைக்கும். எறியக் கற்றுக்கொள்பவர் முதலில் பிவிசி கயிறே வாங்க வேண்டும், ஏனெனில் தொடக்கநிலையில் கயிறு கல்லிலும் முள்ளிலும் உரசாமல் இராது. ஆழத்தில் மூழ்கும் பூச்சிகளையே பயன்படுத்துவோருக்கும் இது தேவையற்றது. சிற்றோடையில், குறுகிய தொலைவில், மிதக்கும் பூச்சியை மட்டும் எறிபவர் தயங்காமல் வாங்கலாம். இதைக் காஞ்சிபுரத்திலேயே செய்ய முடியுமா என்று கேட்போருக்கு, நூலும் அதைக் கையாளும் விரலும் இங்கே உள்ளன, சரிவோடு பின்னும் பொறியும் ஆளிவிதை எண்ணெயை உள்ளேற்றி இறுகவைக்கும் கூடமும் இங்கே இல்லை என்பதே விடை. இவ்விரண்டில் பொறியை விலைகொடுத்து வாங்கிவிடலாம், எண்ணெய் ஏற்றும் பக்குவத்தை ஒரு பட்டறை பல பருவங்கள் செய்துசெய்தே அடைய வேண்டியிருக்கும்.