ராஜாவுக்கு ஓய்வு ஏது?

மறுமலர்ச்சிக் கால அரண்மனைகளைப் பற்றி எழுதுகிற கலை வரலாற்றுக்காரர்களிடம் ஒரு பழக்கம். ராஜா தலைநகரில் ஆண்டார், காட்டு மாளிகையில் இளைப்பாறினார் என்று இரண்டாகப் பிரித்துவிடுவார்கள். அப்புறம் தூண், மாடம், தோட்டம் என்று அழகியல் பேச வசதி. இந்தப் பிரிவினையே அதிகாரத்தின் கதையாடல்தான்.

பிரான்சின் முதலாம் பிரான்சுவா 1519இல் ஷாம்போர் மாளிகையைத் தொடங்கினார். நானூறுக்கு மேல் அறைகள். 32 வருஷ ஆட்சியில் அவர் அங்கே தங்கியதென்னவோ மொத்தமே சில வாரங்கள். குடியிருக்கவா கட்டினார்? 1525இல் பவியா போரில் அவரைச் சிறைபிடித்தது பேரரசர் ஐந்தாம் சார்லஸின் படை. அதே சார்லஸ் 1539இல் பிரான்சு வழியாகப் போனபோது ஷாம்போருக்கு அழைத்துப்போய் விருந்து வைத்தார். விருந்தும் ஒரு போர்முறை.

வேட்டையும் சும்மா பொழுதுபோக்கு அல்ல. அரச காடுகளில் சாமானியர் வேட்டையாடுவதை 1516ஆம் ஆண்டு ஆணை குற்றமாக்கியது. ராஜாவுக்கு விளையாட்டு, குடியானவனுக்குத் தண்டனை.

எழுதுகிற நாம் கவனிக்க வேண்டியது இன்னொரு வேட்டை மாளிகை: வில்லேர்-கோத்ரே. 1539 ஆகஸ்டில் 192 பிரிவுகள் கொண்ட சட்டம் ஒன்று இங்கேதான் கையெழுத்தானது. நீதிமன்ற ஆவணங்கள் லத்தீனில் வேண்டாம், 'தாய்மொழியான பிரெஞ்சில்' இருக்கட்டும் என்றது அதன் 111ஆவது பிரிவு. கேட்க ஜனநாயகமாகத்தான் இருக்கிறது. யாருடைய தாய்மொழி? பிரெட்டன்காரனுக்கும் ஆக்சித்தான் பேசுகிறவனுக்கும் பிரெஞ்சு தாய்மொழியா? அந்தச் சொல் எதைக் குறித்தது என்று அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். ஆனால் தெற்கின் ஆவணங்களிலிருந்து ஆக்சித்தான் மெல்ல மறைந்துபோனது.

அதே சட்டம் கைத்தொழிலாளர் சங்கங்களையும் தடைசெய்தது. அந்த வசந்தத்தில்தான் லியோன் நகர அச்சுத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்திருந்தார்கள். மொழிக்குச் சட்டம் போட்ட கைதான், அந்த மொழியை அச்சிட்டவன் வாயையும் கட்டியது. மொழிப்பெருமை பேசுகிறவர்கள் முதல் பாதியோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

நெப்போலியன் காலத்தில், 1808இல், இந்த மாளிகை பிச்சைக்காரர்களை அடைத்துவைக்கும் இடமானது. பிறகு முதியோர் இல்லம். 2023இல் பிரெஞ்சு மொழிக்கான சர்வதேச மையமாகத் திறந்தார்கள். போகிறவர்கள் ராஜாவின் மொழியோடு, அச்சுத் தொழிலாளியின் மௌனத்தையும் சேர்த்துக் கேட்கட்டும்.

பிரெஞ்சு அரசாணைகளின் முடிவில் ஒரு வாசகம் வரும்: 'ஏனெனில் இதுவே நமது விருப்பம்.' விருப்பம் என்று நாம் பெயர்க்கும் அந்தச் சொல்லுக்கு பிரெஞ்சில் இன்பம் என்றும் பொருள். ஓய்வு மாளிகை எதற்கு என்று இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லிவிட முடியாது.