ஈரக் காற்றில் ஒன்பது மில்லிமீட்டர் ரயில்

‘என்’ கேஜ் மாதிரி ரயிலில் இரண்டு தண்டவாளங்களுக்கும் இடையே உள்ள அகலம் 9 மில்லிமீட்டர். 20 மீட்டர் நீளமுள்ள ரயில்பெட்டி இதில் 13 சென்டிமீட்டராகச் சுருங்கிவிடும். தாமான் (குடியிருப்பு) வீட்டின் சாப்பாட்டு மேசையே ஒரு முழுச் சுற்றுக்குப் போதும். மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில் உள்ள கோத்தா திங்கிக்கு ரயில் பாதை கிடையாது. 1909இல் திறக்கப்பட்ட கெமாஸ்–ஜொகூர் பாரு பாதை குளுவாங், கூலாய் வழியாக மேற்கே ஒதுங்கிப் போகிறது. எனவே ரயில் பார்க்க ஊரைத் தாண்ட வேண்டியிருக்கும் ஓர் ஊரில், மேசைமேல் ரயில் ஓட்டுவது எவ்வளவு எளிது, ஜொகூர் ஆற்றங்கரையின் ஈரத்தில் அது எத்தனை நாள் ஓடும் என்ற இரண்டு கேள்விகளே இந்த மதிப்பீட்டின் அடிப்படை. எடுத்துக்கொண்டவை இரண்டு: ஜப்பானின் கேட்டோ நிறுவனத்தின் யூனிட்டிராக் தண்டவாளத் தொகுப்பு, அதன்மேல் ஓட்ட, கைமாறி வரும் பழைய இன்ஜின்.

தண்டவாளம்

கேட்டோ 1965இல் சி50 நீராவி இன்ஜினை வெளியிட்டு ஜப்பானில் ‘என்’ கேஜைத் தொடங்கிவைத்த நிறுவனம். யூனிட்டிராக்கில் தண்டவாளம், கட்டை, சரளைக்கல் மேடு எல்லாம் ஒரே துண்டாக வரும். துண்டுகளை ஒன்றோடொன்று தள்ளினால் ‘டக்’ என்று பூட்டிக்கொள்ளும்; ஆணியும் பசையும் தேவையில்லை. வளைவின் ஆரம் 315 மி.மீ., நேர்த் துண்டு 248 மி.மீ. எட்டு வளைவுகளும் பக்கத்துக்கு மூன்று நேர்த் துண்டுகளும் சேர்த்தால், சுமார் 1.4 மீட்டர் நீளமும் 66 சென்டிமீட்டர் அகலமும் கொண்ட நீள்வட்டம் கிடைக்கும். ஓட்டி முடித்ததும் கழற்றிப் பெட்டியில் வைத்துவிடலாம். வெள்ளம் கண்ட ஊருக்கு இது சிறிய வசதி அல்ல. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் கோத்தா திங்கி அடுத்தடுத்து மூழ்கியது. பலகையில் நிரந்தரமாக ஒட்டிய பாதையை அப்படி ஒரு நாளில் மாடிக்குத் தூக்க முடியாது.

தண்டவாளம் நிக்கல் வெள்ளியால் ஆனது. பெயரில்தான் வெள்ளி, உள்ளே இருப்பவை செம்பு, நிக்கல், துத்தநாகம். பழைய தொகுப்புகளில் வரும் பித்தளை விரைவில் கறுக்கும், இரும்பு துருப்பிடிக்கும். மலிவாகக் கிடைத்தாலும் இந்தத் தட்பவெப்பத்தில் அவை இரண்டையும் தவிர்ப்பதே நல்லது. பாதை மாற்றும் துண்டுகளை முதல் நாளே வாங்க வேண்டியதில்லை. வாங்கும்போது, 481 மி.மீ. ஆரமுள்ள நான்காம் எண்ணைவிட 718 மி.மீ. ஆரமுள்ள ஆறாம் எண்ணில் நீளமான பெட்டிகள் சீராகத் திரும்பும்.

மின்சாரம்

ரயில் ஓடுவது 12 வோல்ட் நேர்மின்சாரத்தில். குமிழைத் திருகினால் வோல்ட் கூடும், வேகம் கூடும். நெம்புகோலை மறுபக்கம் தள்ளினால் திசை மாறும். இடர் சுவர்ப் பக்கம் இருக்கிறது. ஜப்பானின் வீட்டு மின்சாரம் 100 வோல்ட். மலேசியாவில் அது 230 முதல் 240 வரை. ஜப்பானிலிருந்து நேரடியாக வரவழைத்த தொகுப்பின் அடாப்டரில் உள்ளீடு 100 வோல்ட் மட்டும் என்று இருந்தால், பிளக்கின் வடிவத்தை மாற்றி மாட்டியவுடன் அது கருகிவிடும். 100 முதல் 240 வரை என்று அச்சிட்டிருந்தால் மட்டுமே மூன்று முள் பிளக் மாற்றியோடு நேரடியாகச் செருகலாம்.

அளவில் ஒரு சமரசம்

ஐரோப்பாவில் ‘என்’ என்பது 1:160, பிரிட்டனில் 1:148, ஜப்பானின் சாதாரண ரயில்களுக்கு 1:150. மலாயாவின் ஒரு மீட்டர் பாதையை 1:150இல் சுருக்கினால் 6.67 மி.மீ. வர வேண்டும், காலடியில் இருப்பதோ 9. ஜப்பானின் 1067 மி.மீ. பாதைக்கும் இதே குறை உண்டு. ஆகவே மலேசிய ரயில் நிறுவனமான கேடிஎம்மின் ரயிலைக் கண்முன் கொண்டுவர விரும்புவோருக்கு ஜப்பானிய டீசல் இன்ஜின்களே நெருங்கிய உறவு. கேடிஎம்மின் 23ஆம் வகுப்பு இன்ஜின்கள் ஜப்பானின் ஹிட்டாச்சி செய்து அனுப்பியவைதான். அளவில் துல்லியம் வேண்டுவோர் 6.5 மி.மீ. அகலமுள்ள ‘இசட்’ தண்டவாளத்தின்மேல் 1:150 உடலைத் தாமே கட்ட வேண்டும். அது தொடக்கக்காரர் வேலை அல்ல.

பழைய இன்ஜின்

கைமாறி வந்த இன்ஜினை உடனே தண்டவாளத்தில் வைத்து மின்சாரம் கொடுக்கக் கூடாது. சக்கரத்தை விரலால் சுழற்றிப் பார்ப்பதும் கூடாது: வார்ம் கியர் மோட்டாரிலிருந்து சக்கரத்துக்கு மட்டுமே விசையைக் கடத்தும், எதிர்த்திசையில் வலிந்து சுழற்றினால் பல் உடையும்.

முதல் வேலை, மேல்கூட்டைக் கழற்றி உலோகச் சட்டத்தைப் பார்ப்பது. ஈயம் கலந்த தரக்குறைவான துத்தநாக வார்ப்பு காலப்போக்கில் உப்பி, வெடித்து, உதிரும். அதற்கு மருந்தில்லை, அந்த இன்ஜின் உதிரிப் பாகத்துக்கு மட்டுமே உதவும். சட்டம் நன்றாக இருந்தால் கியர்களுக்குப் போகலாம். பழைய கிரீஸ் மெழுகாக இறுகியிருக்கும். ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக்குச்சியால், வண்ணத்தில் படாமல், அதைத் துடைத்தெடுக்க வேண்டும். சக்கரம் ஒவ்வொரு சுற்றிலும் ஒருமுறை நொண்டினால், அச்சில் ஏறிய பிளாஸ்டிக் கியர் விரிசல் விட்டிருக்கிறது என்று பொருள்.

அடுத்து மோட்டார். கார்பன் பிரஷ் தேய்ந்து குட்டையாகியிருந்தால் மாற்ற வேண்டும். கம்யூட்டேட்டரின் இடுக்குகளில் சேர்ந்த கரித்தூளைப் பல்குச்சியால் எடுக்கலாம். கடைசியாக எண்ணெய்: பிளாஸ்டிக்கை அரிக்காத மெல்லிய எண்ணெய், ஊசிமுனையில் நிற்கும் அளவு, அச்சு முனைகளில் மட்டும். வீட்டில் இருக்கிறதே என்று தேங்காயெண்ணெய் விட்டால் நாளடைவில் பிசுபிசுத்து இயக்கத்தைத் தடுக்கும். எண்ணெய் கூடினால் அது கம்யூட்டேட்டருக்கும் தண்டவாளத்துக்கும் பரவி மின்தொடர்பைக் கெடுக்கும். பிறகு இரண்டு திசைகளிலும் மிதமான வேகத்தில் சற்று நேரம் ஓடவிட்டால் எண்ணெய் படியும்.

பல பழைய இன்ஜின்களில் உலோகச் சட்டத்தின் இரு பாதிகளே மின்கம்பிகளாகச் செயல்படுகின்றன. அவற்றில், டிஜிட்டல் முறையில் ஓட்ட உதவும் டிகோடர் பொருத்த மோட்டாரைச் சட்டத்திலிருந்து பிரித்துக் காப்பிட வேண்டும். அனுபவம் வரும்வரை அப்படியே ஓட்டுவது நல்லது.

அன்றாடப் பராமரிப்பு

இன்ஜின் விட்டுவிட்டு ஓடினால் முதல் சந்தேகம் மோட்டார்மேல் அல்ல, அழுக்கின்மேல் விழ வேண்டும். சக்கரமும் தண்டவாளமும் தொடும் இடத்தில் தெறிக்கும் நுண்பொறியும் தூசியும் சேர்ந்து கரும்படலமாகும். ஆல்கஹாலில் நனைத்த துணியைப் பாதையின் குறுக்கே போட்டு, இன்ஜினின் ஒரு முனைச் சக்கரங்களைத் துணிமேலும் மறுமுனைச் சக்கரங்களைத் தண்டவாளத்திலும் நிறுத்தி மெல்ல மின்சாரம் கொடுத்தால், துணிமேல் உள்ளவை சுழன்று தாமே சுத்தமாகும். உப்புத்தாள் வேண்டாம், அது போடும் கீறல்களில் அழுக்கு இன்னும் எளிதாகத் தங்கும்.

ஒட்டுப்பலகை ஈரத்தில் உப்பும், பாதை வளையும். அடித்தளத்துக்கு இறுக்கமான நுரைப்பலகை மேல். இன்ஜின்களைச் சிலிக்கா ஜெல் பையோடு காற்றுப்புகாத பெட்டியில் வைத்தால் ஈரமும் எறும்பும் பல்லியும் அண்டா.

தீர்ப்பு

யூனிட்டிராக் தொகுப்பு கோத்தா திங்கி போன்ற ஊருக்குப் பொருந்தும்: துரு இல்லை, இடம் அதிகம் வேண்டாம், வேண்டும்போது கழற்றலாம். குறைகள் இரண்டு: உள்ளூர் ரயிலின் சரியான அளவு கிடைக்காது, துண்டுகளின் நீளமும் வளைவும் நிலையானவை என்பதால் விரும்பியபடி பாதையை வளைக்க முடியாது. முதல் இன்ஜின் புதியதாக இருக்கட்டும். நன்றாக ஓடும் இன்ஜின் எழுப்பும் ஒலி காதுக்குப் பழகிய பிறகே, பழையதில் எது கெட்டிருக்கிறது என்று கண்டுபிடிக்க முடியும்.