சாட்சியின் சொல்: முதுமை மறதி ஆய்வுகளும் திருத்தணியின் இருமொழி முதுமையும்

ஆய்வுச்சுருக்கம்

முதுமை மறதியை அளக்கும் கருவிகள் முதியவர் கூறும் விடையோடு, அவரைப் பார்த்துக்கொள்பவரின் சாட்சியத்தையும் நம்பியே அமைகின்றன. அச்சாட்சியம் எந்த மொழியில், எத்தகைய சொற்களால், எந்தத் தயக்கத்தோடு வெளிப்படுகிறது என்பதைத் தமிழ்ச்சூழலில் எவரும் போதிய அளவு ஆராயவில்லை. புறநானூற்றின் இரு பாடல்களையும் திருத்தணி வட்டாரத்தின் எல்லை, மொழி வரலாற்றையும் முன்வைத்து இக்கட்டுரை அக்குறையைத் திறனாய்வு செய்கிறது.

திறவுச்சொற்கள்: முதுமை, மறதிநோய், பார்த்துக்கொள்பவர், இருமொழியம், திருத்தணி, புறநானூறு

ஓர் எண்ணின் இடைவெளி

1998இல் கொச்சியில் கூடிய ஆய்வாளர்கள் தம் குழுவிற்கு ‘10/66’ என்று பெயரிட்டனர். மறதிநோயாளருள் 66 விழுக்காட்டினர் வளரும் நாடுகளில் வாழ, மக்கள்தொகை சார்ந்த ஆய்வுகளுள் 10 விழுக்காட்டுக்கும் குறைவானவையே அந்நாடுகளில் நிகழ்கின்றன என்னும் முரணே அப்பெயர். இக்குழுவின் இந்தியத் தளங்கள் இரண்டும் தமிழகத்தில் அமைந்தன. நகரத்திற்குச் சென்னை, கிராமத்திற்கு வேலூர்ப் பகுதி. 2008இல் ‘லான்செட்’ இதழில் வெளியான முடிவுகளின்படி, அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் டி.எஸ்.எம்.-4 வரையறையைக் கொண்டு அளந்தபோது 65 வயதைக் கடந்தோரிடையே மிகக் குறைந்த விகிதம் பதிவானது இந்தியக் கிராமத் தளத்தில்தான்: 0.3 விழுக்காடு. கியூபாவில் அது 6.3. கல்வியறிவு குறைந்தோருக்கும் பொருந்துமாறு அக்குழுவே வடிவமைத்த கருவியால் அளந்தபோது ஏழு நாடுகளின் தளங்களிலும் விகிதம் 5.6 முதல் 11.7 வரை அமைந்தது.

ஒரே ஊர், ஒரே முதியோர்; இரண்டு அளவுகோல்கள்; பல மடங்கு வேறுபாடு. பழைய வரையறை, நினைவிழப்போடு அன்றாட வாழ்வும் சமூக வாழ்வும் பாதிக்கப்பட்டிருத்தல் வேண்டும் என்கிறது. அப்பாதிப்பைச் சொல்ல வேண்டியவர் உடன் வாழ்பவர். வளர்ச்சி குறைந்த தளங்களில் உறவினர் அத்தகைய சரிவை எடுத்துரைப்பது அரிதாக இருந்தது என்று ஆய்வாளர்களே குறிப்பிட்டனர். நோய் பற்றிய விழிப்புணர்வின்மை இதற்கு ஒரு காரணமாகச் சுட்டப்படுகிறது. அவ்விளக்கம் போதாது என்பது என் வாதம். வேலூரிலும் திருத்தணியிலும் ‘எப்படி இருக்கிறார்?’ என்று வினவினால் ‘வயசானா அப்படித்தான்’ என்னும் விடை வருகிறது. இதனை அறியாமையின் விடையாகக் கொள்வதற்கு முன், அது எவரைக் காக்கிறது என்று கேட்க வேண்டும்.

மானிடவியலாளர் லாரன்ஸ் கோகன் வாரணாசியில் களப்பணி செய்து 1998இல் வெளியிட்ட ‘நோ ஏஜிங் இன் இந்தியா’ என்னும் நூல் இங்குத் துணைபுரிகிறது. முதியவரின் பிதற்றல் அண்டை வீட்டார் காதில் மூளையின் கோளாறாக விழுவதில்லை. அக்குடும்பத்தின் கோளாறாகவே விழுகிறது என்பது அந்நூலின் கூர்மையான அவதானிப்பு. கோகன் கண்டது கங்கைக்கரை நகரம் எனினும் தமிழ் வீடுகளுக்கும் அது பொருந்தும். ‘மாமியாருக்குச் சாப்பிட்டது நினைவில்லை’ என்று மருமகள் வெளியாரிடம் கூறினால், ‘சாப்பாடு போடவில்லை போலும்’ என்று அது திரிக்கப்படும் அச்சம் அவளுக்கு உண்டு. ஆகவே அவள் வயதின்மேல் பழியைப் போடுகிறாள். அளவீட்டாளரின் தாளில் அந்த விடை ‘பாதிப்பு இல்லை’ என்று பதிவாகிறது.

நரை இல்லாதவரும் தண்டூன்றியவரும்

நலமான முதுமையைப் பற்றிப் பேசும் தமிழ் மேடைகள் புறநானூற்றின் 191ஆம் பாடலைத் தவறாது நாடுகின்றன. ஆண்டுகள் பல ஆகியும் நரையில்லாதது ஏன் என்று வினவியோர்க்குப் பிசிராந்தையார் தரும் விடை அது. மாண்புடைய மனைவி, அறிவு நிரம்பிய மக்கள், தாம் எண்ணியதையே எண்ணும் ஏவலர், முறைதவறாது காக்கும் வேந்தன், அடக்கமுடைய சான்றோர் பலர் வாழும் ஊர் ஆகியவற்றை அவர் காரணங்களாக அடுக்குகிறார். உணவு முறையோ உடற்பயிற்சியோ அப்பட்டியலில் இல்லை. 2015இல் உலகச் சுகாதார நிறுவனம் வெளியிட்ட அறிக்கை, நலமான முதுமை என்பது நோயின்மை அன்று, ஒருவர் தமக்கு மதிப்புடையவற்றைச் செய்ய இயலும் திறனே என்றும், அத்திறன் உடலாற்றலோடு சூழலும் சேர்ந்து தருவது என்றும் வரையறுத்தது. பாடலை இவ்வரையறையோடு வைத்துப் படிக்கலாம். பலர் படித்தும் உள்ளனர்.

அந்த வாசிப்பில் ஒன்று விடுபடுகிறது. பிசிராந்தையாரின் மனைவி பாடலில் பேசுவதில்லை. அவரது நரையைப் பற்றி எவரும் வினவவும் இல்லை. ஒருவரின் நரையின்மைக்குக் காரணமாக நால்வர் உழைக்க, அவ்வுழைப்பு பாடலில் அவரது பேறாகவே எண்ணப்படுகிறது. இதைப் புலவர்மேல் குற்றமாகச் சுமத்துதல் பொருந்தாது. பாடலின் நோக்கம் வேறு. இன்றைய மேடைகளில் அப்பாடலைக் குடும்பப் பராமரிப்பின் சான்றாகக் காட்டுவோர்க்கே இவ்வினா உரியது.

243ஆம் பாடல் இதற்கு மறுபுறம். இளமையில் மணற்பாவைக்குப் பூச்சூட்டியதும், நீர்த்துறை மருதமரக் கிளையேறி, கரையினர் வியக்க ஆழ்நீரில் குதித்து மணல் அள்ளி வந்ததும் அம்முதியவரின் நினைவில் துலக்கமாக உள்ளன. நிகழ்காலத்தில் அவரிடம் இருப்பவை ஊன்றுகோலும், இருமலுக்கு இடையே வெளிவரும் சில சொற்களுமே. அண்மை நினைவு தளர, தொலைநினைவு நிலைக்கும் என்னும் மருத்துவக் கூற்றை இப்பாடலின்மேல் ஏற்றிப் படிக்கும் ஆசை எழும். அதைத் தவிர்ப்பது நல்லது. இங்கு உள்ளது இரங்கல், நோய்க்குறிப்பு அன்று. நம் ஆய்வுக்குரிய செய்தி வேறொன்று: இங்கே முதியவர் தாமே தம் முதுமையின் சாட்சியாக நிற்கிறார். பார்த்துக்கொள்பவர் எவரும் பாடலுக்குள் இல்லை. தண்டு மட்டுமே உண்டு. மறதிநோயில் நேர்வது இதன் தலைகீழ். முதியவர் சாட்சி சொல்லும் ஆற்றலை இழக்கிறார். பார்த்துக்கொள்பவர் ஒருவரே எஞ்சுகிறார். அவருக்கான மொழியை நம் மரபு முன்னரே ஆக்கி வைத்திருக்கவில்லை.

‘நீங்கள் எந்த மாவட்டத்தில் இருக்கிறீர்கள்?’

திருத்தணியில் சிக்கல் இன்னொரு படி ஏறுகிறது. 1953இல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது சித்தூர் மாவட்டத்தோடு இவ்வூர் ஆந்திரத்திற்குச் சென்றது. வடக்கெல்லைப் போராட்டத்தின் தொடர்ச்சியாக, 1959ஆம் ஆண்டின் எல்லை மாற்றச் சட்டத்தின்படி 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்திற்குத் திரும்பியது. எண்பதைக் கடந்த திருத்தணிக்காரர் ஒருவர், வீட்டை விட்டு நகராமலே சென்னை, ஆந்திரம், ஆந்திரப் பிரதேசம், மீண்டும் சென்னை, 1969 முதல் தமிழ்நாடு என்னும் பெயர்களின்கீழ் வாழ்ந்துள்ளார். மாவட்டமோ சித்தூர், செங்கற்பட்டு, 1997 முதல் திருவள்ளூர்.

உலகெங்கும் வழங்கும் குறுமனநிலைத் தேர்வு (1975) இடமறிதலுக்காக மாநிலத்தையும் மாவட்டத்தையும் வினவுகிறது. எண்பத்தைந்து வயது மூதாட்டி ‘சித்தூர்’ என்றால் மதிப்பெண் குறையும். அவர் கூறியது பிழையா, அன்றித் தம் இளமையின் நிருவாக உண்மையா என்று தேர்வுத்தாள் அறியாது. கல்லாதோர்க்கென இத்தேர்வை இந்தியில் திருத்தியமைத்த முயற்சி வடஇந்தியாவின் பல்லப்கர் பகுதிக் கிராமங்களில் நடந்து, 1995இல் வெளியானது. எழுத்தறிவின்மைக்கு இடம் கொடுத்த அத்தகைய திருத்தங்கள் எல்லைக்கோடு நகர்ந்த ஊர்களை எண்ணிப் பார்க்கவில்லை.

மொழியும் அவ்வாறே. வீட்டில் தெலுங்கு, கடைத்தெருவில் தமிழ், தொடக்கப் பள்ளியில் ஆண்டைப் பொறுத்து இரண்டில் ஒன்று என வளர்ந்தோர் இவ்வட்டாரத்தில் பலர். ஒரு நிமிடத்தில் எத்தனை விலங்குகளின் பெயர்களைச் சொல்ல இயலும் என்பது பெருவழக்கான ஒரு சோதனை. நாய் என்றபின் ‘குக்க’ என்பவருக்கு ஒரு மதிப்பெண்ணா, இரண்டா? தமிழ்ப் பெயர்களை மட்டும் எண்ணினால் அவரது சொல்வளத்தின் பாதி கணக்கில் வராது. இரண்டையும் எண்ணினால் ஒருமொழியாளரோடு ஒப்பிடுவது முறையாகாது.

இருமொழியத்தைக் குறையாகக் கருதவும் இடமில்லை. ஐதராபாத்தில் சுவர்ணா அல்லாடியும் குழுவினரும் 648 மறதிநோயாளரை ஆராய்ந்து 2013இல் வெளியிட்ட முடிவின்படி, ஒன்றுக்கு மேற்பட்ட மொழி பேசுவோரிடம் நோய் நாலரை ஆண்டுகள் பிந்தியே தோன்றியது. எழுத்தறிவில்லாதோரிடமும் இவ்வேறுபாடு காணப்பட்டது. மருத்துவமனைக்கு வந்தோரை மட்டும் கொண்ட ஆய்வு என்பதால் அதனை எல்லோர்க்கும் விரிக்கக் கூடாது. ஆயினும் மொழிகள் நாள்தோறும் கலந்து வழங்கும் எல்லையூர் ஒன்றை ஒருமொழித் தாளால் அளப்பது, அவ்வூருக்கு வாய்த்த காப்பையே குறைபாடாகப் பதிவதில் முடியக்கூடும்.

‘மறதி’ என்னும் பெயரும் ‘பராமரிப்பாளர்’ என்னும் பெயரும்

‘முதுமை மறதி’, ‘மறதிநோய்’ ஆகிய கலைச்சொற்கள் எளியவை, பரவியும்விட்டன. தெலுங்கின் ‘மதிமருபு’ இவற்றினும் பழகிய சொல். சாவியைத் தொலைத்தவர்க்கும் அதுவே வழங்கும். இச்சொற்கள் நோயை நினைவு ஒன்றோடு கட்டிவிடுகின்றன. பார்த்துக்கொள்பவரை அலைக்கழிப்பவையோ பெரிதும் வேறு: நகையைத் திருடினாய் என்னும் ஐயம், இரவெல்லாம் விழித்துக் கதவைத் திறத்தல், குளிக்க மறுத்தல், திடீர்ச் சினம். ‘அவருக்கு மறதி இல்லை, சந்தேகம்தான்’ என்று கூறும் மகள் பொய் சொல்லவில்லை. நோய்க்கு நாம் இட்ட பெயர்தான் அவள் காண்பதை உள்ளடக்கவில்லை. புதுச்சொல் ஆக்குவோர் அகராதிக்கு முன் இவ்வாக்கியங்களைத் தொகுத்திருக்க வேண்டும்.

‘பராமரிப்பாளர்’ என்னும் சொல்லிலும் எனக்கு மனநிறைவில்லை. அலுவலகத் தமிழில் பராமரிப்பு கட்டடத்திற்கும் சாலைக்கும் உரியது. வீட்டுத்தமிழ் ‘பார்த்துக்கொள்’ என்கிறது. காண்டலே காத்தலாகும் அவ்வினையில் சாட்சியத்தின் பொருளும் அடங்கியுள்ளது.

10/66 குழு 2004இல் வெளியிட்ட முன்னாய்வு, பார்த்துக்கொள்வோருள் பெரும்பாலோர் உடன்வாழும் பெண்களே என்றும், கூட்டுக் குடும்ப அமைப்பு இருந்தும் அவர்களது மனச்சுமை வளர்ந்த நாடுகளில் உள்ளதற்குக் குறையவில்லை என்றும் காட்டிற்று. பலர் வருவாய் தரும் வேலையைக் குறைத்துக்கொண்டனர். கூட்டுக் குடும்பம் இருக்கக் கவலை ஏன் என்னும் மேடைக்கூற்றுக்கு இது நேர்மறுப்பு. சட்டம் என்ன செய்கிறது? பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம் (2007) ‘பிள்ளைகள்’ என மகன், மகள், பேரன், பேத்தி ஆகியோரை வரையறுத்து, மாதம் 10,000 ரூபாய் வரை வழங்க ஆணையிட இடமளிக்கிறது. அன்றாடம் சோறூட்டும் மருமகள் அவ்வரையறையில் இல்லை. 2019இல் மக்களவையில் வைக்கப்பட்ட திருத்த மசோதா மருமகளையும் மருமகனையும் சேர்க்க முற்பட்டது, கடமைப்பட்டோராக மட்டும். பார்த்துக்கொள்பவரின் ஓய்வு, உடல்நலம், இழந்த கூலி பற்றிச் சட்டத்தில் ஒரு பிரிவும் இல்லை.

இந்தியாவில் அறுபதைக் கடந்தோருள் 7.4 விழுக்காட்டினர், ஏறத்தாழ 88 இலட்சம் பேர், மறதிநோயுடன் வாழ்கின்றனர் என லாசி-டாட் ஆய்வு 2023இல் மதிப்பிட்டது. அவ்வெண்ணுக்குப் பின்னுள்ள வீடுகளின் வாயில் தமிழகத்தில் ஓரளவு திறந்தே உள்ளது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் பெண் தன்னார்வலர்கள் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க வீடு தேடி வருகின்றனர். அவர்களிடம் நீண்ட வினாநிரலைத் திணிக்க வேண்டியதில்லை. ‘மறதி இருக்கிறதா?’ என்று கேட்டால் பழைய விடையே வரும். ‘போன வருஷம் அவரே செய்துகொண்ட எந்த வேலையை இப்போது நீங்கள் செய்துகொடுக்கிறீர்கள்?’ என்று கேட்டால், மாமியாரைக் குறைகூறும் நிலை நேராமலே மருமகள் தன் நாளை எடுத்துரைக்க இயலும். திருத்தணியில் இவ்வினாவைத் தெலுங்கிலும் கேட்க வேண்டும். அவ்விடையை அவர் எம்மொழியில் சொன்னார் என்பதையும் தாளில் குறிக்க வேண்டும்.