சொல்லிவிட்டுச் சுருக்க வேண்டும்

பெரிய படம் ஒன்றைத் தனி டேபில் திறந்தால், பிரவுசர் அதைத் திரைக்குள் அடங்கும்படி தானாகவே சுருக்கிக் காட்டுகிறது. 2001-இல் வந்த இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 6 காலத்திலேயே இந்த வசதி உண்டு. அதை எப்படி அணைப்பது என்ற கேள்வியும் ஏறக்குறைய அதே வயதுடையது. படம் மங்கலாக இருக்கிறது, எழுத்து பொடிப்பொடியாக இருக்கிறது, ஆகவே சுருக்கும் வசதிதான் குற்றவாளி என்று முடிவுகட்டிவிடுகிறோம். பெரும்பாலான நேரங்களில் அணைக்க வேண்டியது அதை அல்ல என்பது என் கட்சி. அதற்காகப் பிரவுசர்களை மொத்தமாக விடுவிக்கவும் முடியாது.

ஏ4 தாள் ஒன்றை 300 டிபிஐ-யில் ஸ்கேன் செய்தால் 2480க்கு 3508 பிக்சல் வரும். 1366க்கு 768 அளவுள்ள லேப்டாப்பில் டேப் வரிசை, முகவரிப் பட்டை, டாஸ்க்பார் எல்லாம் போக மிஞ்சும் உயரம் சுமார் 650 பிக்சல். சுருக்காமல் திறந்தால் தாளின் ஒரு மூலைதான் கண்ணில் படும்; அதிலும் பாதி வெற்று ஓரம். எந்தப் பக்கம், நேராக இருக்கிறதா, தலைகீழாக இருக்கிறதா என்பதே தெரியாது. முழுப் பக்கத்தையும் முதலில் காட்டி, கிளிக் செய்த இடத்தைப் பெரிதாக்குவதுதான் அறிவுள்ள ஏற்பாடு.

ஆனால் அதே தாள் அப்போது 19 சதவீதத்துக்கும் கீழே போய்விடுகிறது. அரை மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு புள்ளி, ஸ்கேனில் ஆறு பிக்சல். சுருங்கிய பின் ஒரே ஒரு பிக்சல், அதுவும் சாம்பல் பூசியது போல. மெய்யெழுத்து உயிர்மெய்யாகத் தெரியும். ஆங்கிலத்தில் ‘ஐ’யின் தலைப்புள்ளி போனால் யாருக்கும் நஷ்டமில்லை, நமக்கு எழுத்தே மாறிப்போகும். சுத்தமாகப் படிக்க முடியாவிட்டால்கூடப் பரவாயில்லை, பெரிதாக்கிப் பார்ப்போம். இது படிக்கிற மாதிரியே இருந்து தப்பாகப் படிக்கவைக்கிறது. எனவே நான் கேட்கும் கேள்வி வேறு: சுருக்கியதைப் பிரவுசர் சொல்கிறதா?

இதில் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 6 இன்றைய பிரவுசர்களைவிட யோக்கியமாக நடந்துகொண்டது என்பது கொஞ்சம் வேடிக்கைதான். அதன் சுருக்கல் முரடு. கோடுகள் உடைந்து தெரியும். ஆனால் படத்தின் மேல் மவுஸை வைத்தால் வலது கீழ் மூலையில் ஒரு பொத்தான் தோன்றும். நிறுத்த வேண்டுமானால் அமைப்புகளில் ‘அட்வான்ஸ்டு’ பகுதியில் பெயரோடு ஒரு கட்டம் இருந்தது.

ஃபயர்பாக்ஸ் படத்தின் அளவையும் எத்தனை சதவீதம் சுருக்கியது என்பதையும் தலைப்பிலேயே எழுதுகிறது. நல்ல பழக்கம், கெட்ட இடம். அந்தச் சதவீதம் தலைப்பின் கடைசியில் வருவதால், குறுகிய டேபில் முதலில் வெட்டுப்படுவது அதுதான். டேபின் மேல் மவுஸை நிறுத்தினால் முழுசாகத் தெரியும்; யார் நிறுத்துகிறார்கள்? குரோம் இவ்வளவும் செய்வதில்லை. மூல அளவைத் தலைப்பில் போட்டுவிட்டு, மவுஸ் முனையை உருப்பெருக்கிக் கண்ணாடியாக மாற்றுவதோடு சரி.

ஸ்விட்ச் விஷயத்திலும் ஃபயர்பாக்ஸ்தான் முந்துகிறது. குரோமில் இதற்கு அமைப்பே கிடையாது. ஃபயர்பாக்ஸில் ‘அபவுட்:கான்ஃபிக்’ பக்கத்தில், பெயரில் ‘இமேஜ் ரீசைசிங்’ என்று வரும் இரண்டு வரிகள் இருக்கின்றன: ஒன்று ‘ஆட்டோமேட்டிக்’, மற்றது ‘கிளிக்’. முதலாவதை அணைத்தால் படம் முழு அளவில் திறக்கும், கிளிக் செய்தால் சுருங்கும். தவறுதலாக இரண்டாவதை மட்டும் அணைத்தவர்கள் மாட்டிக்கொள்வார்கள்: படம் சுருங்கியே நிற்கும், கிளிக் செய்தாலும் அசையாது. கிளிக் வேலை செய்யவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டிய வரி அது.

இத்தனைக்கும் பிறகு படம் மங்கல்தான் என்றால், பழி வேறு இடத்தில். இந்த அமைப்பு தனியாகத் திறந்த படத்தை மட்டுமே தொடும். இணையப் பக்கத்துக்குள் இருக்கும் படத்தை அது தீண்டுவதே இல்லை. அங்கே அளவைத் தீர்மானிப்பது பக்கத்தை வடிவமைத்தவர். வேர்ட்பிரஸ் தளங்களில் ஏற்றிய படத்துக்குச் சிறு பிரதிகள் தானே உருவாகும். கோப்பின் பெயர் முடிவில் 1024x768 போன்ற எண் ஒட்டியிருந்தால் நீங்கள் பார்ப்பது பிரதி. முகவரியில் அந்த எண்ணையும் அதற்கு முன்னுள்ள சிறு கோட்டையும் அழித்துவிட்டுத் திறந்தால் பெரியது பலமுறை கிடைத்துவிடும். ஓபரா மினி போன்ற பிரவுசரிலோ படம் வழியிலேயே சுருக்கப்பட்டுத்தான் வந்து சேரும்.

மூன்றாவது காரணத்தைத்தான் பலர் சந்தேகிப்பதே இல்லை: விண்டோஸின் திரை அளவீடு. இன்றைய லேப்டாப்புகள் பலவற்றில் அது 125 அல்லது 150 சதவீதத்தில் இருக்கிறது. 125-இல், பிரவுசர் ‘முழு அளவு’ என்று காட்டும் 1000 பிக்சல் படம் உண்மையில் 1250 பிக்சலில் இழுத்து வரையப்படுகிறது. மங்கலுக்குக் காரணம் சுருக்கியது அல்ல, பெருக்கியது. சுருக்கலை அணைப்பவர் நோய்க்கு எதிர்த்திசையில் மருந்து சாப்பிடுகிறார். படத்தைத் திறந்து, பிரவுசர் ஜூமை 80-க்குக் குறைத்தால் பிக்சலுக்குப் பிக்சல் பொருந்தும். 150 என்றால் 67. அந்த ஜூமைத் தளவாரியாகக் குரோம் நினைவில் வைத்துக்கொள்ளும் என்பதால், வேலை முடிந்ததும் கன்ட்ரோலும் பூஜ்யமும் அழுத்திவிடுவது நல்லது.

ஃபயர்பாக்ஸின் நேர்மையும் இந்த இடத்தில்தான் அரைகுறையாகிறது. அது எழுதும் சதவீதம் திரை அளவீட்டைக் கணக்கில் எடுப்பதில்லை. 125 சதவீதத் திரையில் ‘80%’ என்று அது சொல்லும் படம்தான் மெய்யான முழு அளவு. ஸ்விட்சைத் தந்ததற்காகவும் எண்ணைச் சொன்னதற்காகவும் ஃபயர்பாக்ஸுக்கே என் ஓட்டு. குரோம் வெகு தூரத்தில் இரண்டாவது. அந்த எண்ணைத் திருத்தி, படத்தின் மூலையில் சில விநாடி காட்டும் வரை ஃபயர்பாக்ஸுக்கும் முழு மதிப்பெண் கிடையாது.