எழுத்தின் காலடியில் ஓர் எண்

தமிழில் அச்சான தோத்திரப் புத்தகங்களைப் புரட்டினால் க₂, க₃, க₄ என்று எழுத்தின் அடியில் பொடி எண்கள் தொங்கும். (தலையில் ஏற்றுகிறவர்களும் உண்டு.) சமஸ்கிருதத்தின் நான்கு ககரங்களைத் தமிழின் ஒரே ககரத்தால் எழுதும் ஏற்பாடு. முதல் ககரத்துக்குப் பெரும்பாலும் எண் கிடையாது; தமிழ் 'க'வே போதும்.

சரி, இதுல என்ன அரசியல்னு கேட்கலாம். 'கடல்', 'சங்கு', 'அகம்' மூன்றையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ஒரே எழுத்து, மூன்று ஒலி. இடம் பார்த்து ஒலி மாறுவது தமிழின் இலக்கணம், பற்றாக்குறை அல்ல. பக்கத்தில் எண் போட்ட எழுத்துகள் வந்து நின்றதும் எண் இல்லாத 'க' வெறும் 'க' ஆகிவிடுகிறது. ஏதோ குறைபட்ட எழுத்தாக வாசிக்கப்படுகிறது.

கீழெண் எல்லா இடத்திலும் இந்த வேலையைச் செய்வதில்லை. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை பார்க்கும் தொழிலாளிக்குக் கந்தக டை ஆக்சைடின் குறியீட்டில் ஆக்சிஜனுக்கு அடியில் உள்ள 2, இரண்டு அணு. கணிதத்தில் அ₁, அ₂ என்பவை வெறும் பெயர்கள். ஒன்றைவிட மற்றது ஒசத்தி இல்லை. க₂ எண்ணிக்கையும் அல்ல, வெறும் பெயரும் அல்ல; வர்க்க வரிசையில் ஓர் இடம். யாருடைய வரிசை என்பதுதான் கேள்வி. மந்திரம் சொல்கிறவருக்கு எண் உதவுகிறது, இருக்கட்டும். 2010ல் கிரந்த எழுத்துகளை யூனிகோடின் தமிழ்த் தொகுதியோடு சேர்க்கும் முன்மொழிவு வந்தபோது எழுந்த எதிர்ப்பை வெறும் மொழிவெறி என்று தள்ளியவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. 2014ல் யூனிகோடு 7.0 கிரந்தத்துக்குத் தனித் தொகுதி தந்தது, யாருக்கும் நட்டமில்லை.

எதிர்த்திசையில் வருவோம். எளாவூர் ரயில் நிலையத்தின் ஆங்கிலப் பெயரில் இருப்பது வெறும் 'எல்'. 'எலவூர்' என்றும் படிக்கலாம், 'இளாவூர்' என்றும் படிக்கலாம். கொஞ்சம் வடக்கே போனால் தெலுங்கு. அதில் ளகரத்துக்குத் தனி எழுத்தே இருக்கிறது. மெய்யின் அடியில் தொங்கும் ஒத்தெழுத்தும் அங்கே முழு ஒலி. ரோமன் எழுத்தில்தான் சிக்கல். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் (1924–36) 'எல்'லுக்கு அடியில் புள்ளி வைத்து ளகரத்தையும், கோடு போட்டு ழகரத்தையும் காப்பாற்றியது. அந்தப் புள்ளி நூலகத்தை விட்டு வெளியே வரவில்லை. ஊர்ப்பலகைக்கு வரவில்லை, பட்டாவுக்கும் வரவில்லை. வடமொழி ஒலி கெடக்கூடாது என்று அச்சுக்கோத்தவர் எண் தேடினார். நம்ம ஊர்ப்பெயருக்கு ஒரு புள்ளி தேட ஆளில்லை. 2020 ஜூனில் தமிழக அரசு 1018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் திருத்தி அரசாணை வெளியிட்டு, சில நாட்களிலேயே திரும்பப் பெற்றது. எழுத்துகளை இரட்டித்தும் நீட்டியும் பார்த்த அந்தப் பட்டியலிலும் கீழ்ப்புள்ளிக்கு இடம் கிடைக்கவில்லை.