3,500 கிலோவுக்குள் ஒரு குதிரை லாரி

குதிரை லாரி விற்பவர் முதலில் காட்டுவது பெயின்ட், உள்விளக்கு, கேமரா. வாங்கப் போகிறவர் முதலில் பார்க்க வேண்டியது கதவுத் தூணிலோ பானெட்டுக்கு அடியிலோ இருக்கும் சிறிய தகட்டை. அதில் நான்கு எடைகள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கும்: வண்டி சுமையோடு சேர்ந்து எவ்வளவு இருக்கலாம், பின்னால் எதையாவது இழுத்தால் மொத்தம் எவ்வளவு, முன் அச்சு எவ்வளவு தாங்கும், பின் அச்சு எவ்வளவு தாங்கும். பிரிட்டனில் சிறிய குதிரை லாரிகளின் முதல் எண் பெரும்பாலும் 3,500 கிலோ. பொறியாளர்கள் கணக்குப் போட்டுக் கண்டுபிடித்த எண் இல்லை இது. கார் லைசென்ஸ் எங்கே முடிகிறதோ, அங்கே நிறுத்தப்பட்ட எண்.

1997 ஜனவரி 1-க்கு முன் கார் தேர்வில் தேறியவர்களுக்கு சி1 என்ற பிரிவும் சேர்ந்தே கிடைத்தது. அவர்கள் 7,500 கிலோ வரை ஓட்டலாம். 70 வயதுக்குப் பிறகும் அதை வைத்திருக்க மருத்துவப் பரிசோதனை வேண்டும். அந்தத் தேதிக்குப் பின் தேறியவர்களுக்கு பி பிரிவு மட்டும்தான், டீசல் வண்டி என்றால் 3,500 கிலோவோடு சரி. இந்திய, இலங்கை லைசென்ஸோடு இங்கே குடிவந்தவர்கள் முதல் 12 மாதம் ஓட்டலாம், அதுவும் இதே அளவுள்ள சிறு வாகனங்களை மட்டுமே. இந்தியாவில் இலகு ரக வாகன உரிமம் 7,500 கிலோ வரை செல்லும் என்பதால், நம்மவர்கள் இந்த இடத்தில் சட்டென்று இடறிவிடுகிறார்கள். சட்டம் பார்ப்பது தகட்டில் உள்ள அனுமதி எடையை. வண்டி காலியாக நின்றாலும் தகட்டில் 3,900 என்று இருந்தால் பி பிரிவுக்காரர் அந்த டீசல் வண்டியின் சக்கரத்தைத் தொடக் கூடாது.

நான் சில நாள் கையில் வைத்து ஓட்டிப் பார்த்தது, பிரெஞ்சு வேன் சேசிஸ் மேல் இங்கிலாந்துப் பட்டறை ஒன்று கட்டிய, சில வருடம் ஓடிய 3.5 டன் வண்டி. இந்த அளவில் ரெனோ மாஸ்டர், பெஷோ பாக்ஸர், சித்ரோயன் ரிலே ஆகியவற்றின் மேல் கட்டிய வண்டிகளையே சந்தையில் அதிகம் பார்க்கலாம். பெரும்பாலும் முன்சக்கர இயக்கம். பின்பக்கம் இயக்கத் தண்டு ஓடாததால் தளம் தாழ்வாக இருக்கும். தளம் தாழ்ந்தால் சாய்தளமும் செங்குத்தாக இருக்காது. தயங்கி நிற்கும் குதிரையை ஏற்றிப் பார்த்தவர்களுக்கு அந்தச் சில அங்குலங்களின் அருமை தெரியும்.

விளம்பரத்தில் ‘இரண்டு குதிரை, 1,200 கிலோ சுமைத்திறன்’ என்று இருந்தது. நான் முதலில் எடைமேடைக்குத்தான் ஓட்டிச் சென்றேன். பொது எடைமேடைகள் பல ஊர்களில் இருக்கின்றன. கல்குவாரி, பழைய இரும்புக் கிடங்கு, தானியக் கிடங்கு ஆகியவற்றில் சிறு கட்டணத்துக்கு நிறுத்தித் தருவார்கள். டேங்க் நிறைய டீசல், இருக்கையில் நான் ஒருவன், பின்னால் ஒன்றும் இல்லை. சீட்டில் வந்தது 2,460 கிலோ. மிச்சம் 1,040. பட்டறையின் எண்ணுக்கும் எடைமேடையின் எண்ணுக்கும் இடையே 160 கிலோ எங்கே போயிற்று என்று தேடினால் விடை வண்டிக்குள்ளேயே இருந்தது: தடித்த ரப்பர் விரிப்பு, சேணம் வைக்கும் அலமாரி, கைகழுவும் தொட்டி, இரண்டாவது பேட்டரி, வெயில் மறைப்பு. ஒவ்வொன்றும் பிறகு சேர்த்தது. ஒவ்வொன்றும் குதிரையின் பங்கிலிருந்து எடுத்தது.

இனி ஏற்றிப் பாருங்கள். துணைக்கு ஒருவர் 65 கிலோ. இரண்டு சேணம், கடிவாளங்கள் 20. தண்ணீர் 40 லிட்டர், அதாவது 40 கிலோ. உலர்புல் அடைத்த வலை இரண்டு, 16. வாளி, போர்வை, தேய்க்கும் பிரஷ் பெட்டி 25. குதிரை ஏறும் முன்பே 166 போய்விட்டது. 500 கிலோவில் ஒன்று, 480 கிலோவில் ஒன்று என்று இரண்டு நடுத்தரக் குதிரைகள் ஏறினால் வண்டி 3,606 கிலோ. வரம்பை 106 தாண்டிவிட்டது. 500 கிலோ குதிரையோடு 300 கிலோ மட்டக்குதிரை என்றால் 74 கிலோ மீதம். 380 கிலோவில் இரண்டு மட்டக்குதிரை என்றால் 114 மீதம். 600 கிலோ வார்ம்பிளட் வகைக் குதிரை ஒன்று தனியாகப் போனால் 274 கிலோ கையில் நிற்கிறது. ஆக, ‘இரண்டு குதிரை லாரி’ என்பது எந்த இரண்டு குதிரை என்று சொல்லாதவரை பொருளற்ற வாசகம்.

சொந்தக் குதிரையின் எடை பலருக்குத் தெரியாது என்பதுதான் எனக்கு வருத்தம். பூச்சி மருந்து கொடுக்கவாவது அது தெரிந்திருக்க வேண்டும். நாடாவால் நெஞ்சுச் சுற்றளவை அளந்து, தோள் முனையிலிருந்து பிட்ட முனை வரை நீளத்தையும் செ.மீ-யில் எடுங்கள். சுற்றளவை அதே சுற்றளவால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 11,877-ஆல் வகுத்தால் கிலோ கிடைக்கும். 185 சுற்றளவும் 165 நீளமும் உள்ள குதிரை சுமார் 475 கிலோ. இது மதிப்பீடுதான். தீவன நிறுவனங்கள் அவ்வப்போது லாயங்களுக்கு நடமாடும் எடைமேடை கொண்டுவருகின்றன. குதிரை மருத்துவமனைகளிலும் இருக்கும். வண்டி வாங்கும் முன் அதில் ஒருமுறை நிறுத்திவிடுங்கள்.

கொஞ்சம் கூடினால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. டி.வி.எஸ்.ஏ. என்னும் ஓட்டுநர், வாகனத் தர முகமை சாலையோரம் நிறுத்தி எடை போடும். மிகை 10 சதவீதத்துக்குள் என்றால் அபராதம் 100 பவுண்டு, 15-க்குள் 200, அதற்கு மேல் 300. 30 சதவீதத்தை எட்டினால் நீதிமன்றம். பணத்தைவிடப் பெரிய தொல்லை, மிகை எடையை இறக்கும்வரை வண்டியை நகர்த்தவிடாமல் தடை போட அவர்களுக்கு இருக்கும் அதிகாரம். சாலையோரத்தில் இறக்க வேண்டிய அந்த மிகை எடை, உயிருள்ள ஒரு குதிரை. அதை ஏற்றிச் செல்ல இன்னொரு வண்டி வரும்வரை லாரிகள் இரைந்து போகும் இடத்தில் அது மிரண்டபடி நிற்கும். பிரேக்கும் டயரும் 3,500-க்கு என்று கட்டப்பட்டவை என்பதும் இருக்கிறது. ஈரச் சாலையில் இறக்கத்தில் அந்த 106 கிலோ தன் வேலையைக் காட்டும்.

மொத்த எடை சரியாக இருந்து, ஓர் அச்சு மட்டும் தாண்டியிருந்தாலும் குற்றம்தான். இந்த வண்டியில் முன் அச்சு 1,850, பின் அச்சு 2,100 வரை தாங்கும். காலியாக முன்னே 1,390, பின்னே 1,070. இவ்வகை வண்டிகளில் குதிரைகள் பிட்டத்தை ஓட்டுநர் பக்கம் வைத்து, பின்னோக்கிச் சாய்வாக நிற்கின்றன. குதிரையின் எடையில் பாதிக்கு மேல் முன்னங்கால்கள் மேல்; அந்த முன்னங்கால்கள் பின் அச்சுக்குப் பக்கத்தில். சேண அலமாரியும் தண்ணீர்த் தொட்டியும் அதற்கும் பின்னால், வால் பகுதியில். பின் அச்சைத் தாண்டி வைக்கும் ஒவ்வொரு கிலோவும் மூக்கைக் கொஞ்சம் தூக்குகிறது. இழுக்கும் சக்கரங்களோ முன்னால். போட்டி மைதானம் என்றால் இங்கே புல்வெளி, அதிலும் மழையில் ஊறிய புல்வெளி. முன்சக்கர வண்டிகள் காலையில் சறுக்காமல் உள்ளே போய், மாலையில் வெளியே வர டிராக்டருக்குக் காத்திருப்பதை எந்தப் போட்டியிலும் பார்க்கலாம். தண்ணீர்க் கேன்களை ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் மாற்றிக் கட்டிப் பார்த்தேன். ஈரப் புல் சரிவில் கிளம்பும்போது வித்தியாசம் தெளிவாகத் தெரிந்தது. செலவில்லாத வைத்தியம். பின்சக்கர இயக்கம் உள்ள ஸ்பிரின்டர் போன்றவை இதில் மேல், ஆனால் தளம் உயரும், காலி எடையும் கூடும் என்பதால் எனக்கு அவை இந்த வரம்புக்குள் பொருந்தவில்லை.

குதிரை நிற்கும் இடத்துக்கு வருவோம். நான் அதிக நேரம் செலவிட்டது இங்கேதான். ரப்பர் விரிப்பைத் தூக்கச் சொல்லுங்கள். விற்பவர் தயங்கினால் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பிவிடலாம். சிறுநீர் ரப்பருக்கு அடியில் தேங்கி ஒட்டுப்பலகையை உள்ளிருந்தே இற்றுப்போகச் செய்யும், அலுமினியத்தை அரிக்கும். ஸ்க்ரூடிரைவரால் ஓரங்களிலும் மூலைகளிலும் குத்திப் பாருங்கள். பிறகு வண்டிக்கு அடியில் படுத்தும் பாருங்கள். ஓடும் வண்டியில் தளம் உடைந்து குதிரையின் கால் சாலையில் உரசிய விபத்துகள் நடந்திருக்கின்றன. எழுதவே கை கூசுகிறது, ஆனாலும் எழுதித்தான் ஆக வேண்டும். நான் பார்த்த வண்டியில் அலுமினியப் பலகைத் தளம், திடமாக இருந்தது.

அடுத்தது, ஓட்டுநருக்கும் குதிரைக்கும் இடையே உள்ள சுவர். அவசர பிரேக்கில் இரண்டு பிட்டங்களும் அதன் மேல்தான் சாயும். மிரண்ட குதிரை உதைப்பதும் அதைத்தான். வெறும் தகட்டு உறை போதாது. இரும்புச் சட்டம் இருக்கிறதா, அது சேசிஸோடு போல்ட் போட்டிருக்கிறதா, வேனின் மெல்லிய பக்கத் தகட்டில் ரிவெட் அடித்து மட்டும் நிறுத்தியிருக்கிறதா என்று பாருங்கள். நடுத்தடுப்புக் கம்பத்துக்கும் இதே கேள்வி. எடையை மிச்சம் பிடிக்கும் ஆசையில் சில பட்டறைகள் கைவைப்பது இங்கேதான், அதனால் வியக்கும்படி லேசான வண்டியை நான் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன். மார்புக் கம்பியின் மேல் குதிரை காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டால் வெளியே நின்றபடியே கம்பியை விடுவிக்க முடிய வேண்டும். இதில் முடிந்தது, ஆனால் பின்னைக் கழற்ற ஸ்பேனர் தேவைப்பட்டது. அந்த ஸ்பேனரைச் சங்கிலி போட்டு வெளிக்கதவிலேயே தொங்கவிட வேண்டும்.

சாய்தளம் இடப்பக்கம். பிரிட்டனில் இடப்பக்கம்தான் ஓட்டுகிறோம் என்பதால், வழியில் இறக்க நேர்ந்தால் குதிரை நடைபாதைப் பக்கம் இறங்கும். கேஸ் ஸ்பிரிங் நன்றாக இருந்தது. பதின்வயதுப் பெண் தனியாகத் தூக்கி மூடினாள். உள்ளுயரமும் போதும். ஆனால் தடுப்புகளுக்கு இடையே அகலம் போதவில்லை. சமநிலைக்குக் குதிரை கால்களை அகட்டி நிற்க வேண்டும். பெரிய குதிரைக்கு இங்கே அதற்கு இடமில்லை. நடுத்தடுப்பை ஒதுக்கி ஒற்றைக் குதிரையை ஏற்றியபோது அது வழியெல்லாம் அமைதியாகப் புல் மென்றுகொண்டு வந்ததைக் கேமராவில் பார்த்தோம். பின்னோக்கி நிற்கும் குதிரைகளின் இதயத் துடிப்பு குறைவாக இருந்ததாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன. நான் பார்த்த அளவில் அது பொருந்துகிறது.

ஓட்டம் பெரிய வேன் ஓட்டுவது போலத்தான். வளைவில் மட்டும் மறக்கக் கூடாது: பின்னால் நிற்கும் சுமைக்குக் கால்கள் உண்டு, அது உங்கள் திருப்பத்தை எதிர்பார்த்திருக்காது. ரவுண்டானாவுக்கு வெகுமுன்பே வேகத்தைக் குறைத்து, நிமிர்ந்த பிறகே ஆக்சிலரேட்டரைத் தொட வேண்டும். நெடுஞ்சாலையில் பக்கக் காற்று உயரமான பெட்டியை நன்றாகவே தள்ளுகிறது. இருவழிச் சாலையில் இந்த வண்டிக்கு வேக வரம்பு மணிக்கு 50 மைல். நடுத்திட்டு உள்ள சாலையில் 60. குதிரை ஏறியிருக்கும்போது அந்த வேகங்களையும் நான் எட்டவில்லை.

லண்டனுக்குள் போவீர்கள் என்றால் டீசல் இன்ஜின் யூரோ 6 தரத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நாளொன்றுக்கு 12.50 பவுண்டு கட்டணம். 2023 ஆகஸ்டு 29 முதல் எல்லா லண்டன் பரோக்களுக்கும் இது பொருந்துகிறது.

வாங்கலாமா? ஒரு குதிரை, அல்லது இரண்டு மட்டக்குதிரை வைத்திருக்கும், பி பிரிவு மட்டுமே உள்ள குடும்பத்துக்கு இது நல்ல வண்டி, தயங்காமல் சொல்வேன். எடைமேடைச் சீட்டைக் கையில் வாங்கி, காலி எடையை விற்பனை ரசீதிலும் எழுதச் சொல்லுங்கள். இரண்டு முழுக்குதிரை என்றால் இது வேண்டாம். 2021 டிசம்பர் 16 முதல் பி பிரிவுக்காரர்கள் தனித் தேர்வு இல்லாமலே 3,500 கிலோ வரை டிரெய்லர் இழுக்கலாம். ஐஃபர் வில்லியம்ஸின் எச்.பி.506 டிரெய்லரின் மொத்த எடை 2,600 கிலோ. அதன் சொந்த எடை ஒரு டன்னுக்கும் குறைவு. எடையளவில் இரண்டு முழுக்குதிரைகள் அதில் தாராளமாக ஏறும். அதை இழுக்கும் திறனுள்ள கார்தான் வேண்டும். சாதாரணக் குடும்பக் கார்கள் பல இந்த எடையை இழுக்க அனுமதி பெற்றவை அல்ல.

இழுத்துக்கொண்டு ரிவர்ஸ் எடுப்பது ஒத்துவராதவர்கள் சி1 தேர்வை எழுதிவிடுவது நல்லது. மருத்துவச் சான்று, எழுத்துத் தேர்வு, ஓட்டுநர் தேர்வு என்று சில மாத வேலை, பயிற்சிக் கட்டணமும் உண்டு. ஆனால் 1997-க்கு முன் தேறியவர்களுக்கு வயதாகிக்கொண்டே வருவதால் பழைய 7.5 டன் குதிரை லாரிகளுக்கு ஆள் குறைந்து விலையும் இறங்கியிருக்கிறது, 3.5 டன்னுக்கோ எல்லோரும் போட்டி போடுகிறார்கள். பல நேரங்களில் பயிற்சிச் செலவு அந்த வித்தியாசத்திலேயே திரும்பிவிடும். ஆண்டுதோறும் கனரக வாகனச் சோதனைக்குக் கொண்டுபோக வேண்டும், டீசல் கூடுதலாகக் குடிக்கும், நிறுத்த இடம் வேண்டும். இந்த மூன்றுக்கும் வழி இருக்கிறவர் முதலில் பயிற்சிப் பள்ளிக்குப் போன் செய்யட்டும், லாரியைப் பிறகு தேடலாம்.